மால் திரும்புவதற்குள்

சென்னை யானைக்கவுனியிலும் அதை ஒட்டிய சௌகார்பேட்டையிலும் நகையைப் படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் படம் எடுப்பவன் இல்லை. அவர்களுடைய கேமராவும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேச்சு வார்த்தையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. தொழிலில் இதை டெதரிங் என்பார்கள். கேமராவில் இருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். ஷட்டர் விழுந்த ஓரிரு விநாடியில் படம் பெரிய திரையில் வந்து நிற்கும். வால்டாக்ஸ் ரோட்டுக்கும் தங்கசாலைத் தெருவுக்கும் நடுவே இருக்கிற சந்துகளில், கீழே கடையும் மேலே ஒற்றை அறையுமாக இருக்கிற கட்டடங்களின் மாடிகளில், இந்த வேலை நடக்கிறது. வெளியே போர்டு இருக்காது. தங்கம் வந்து போகிற இடத்துக்கு யார் போர்டு மாட்டுவார்கள்?

நகைப் படத்துக்கு டெதரிங் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கல்யாண வீடுகளுக்குப் போகிற போட்டோகிராபர்கள் கேட்பதுண்டு. கேமராவின் முதுகில் இருக்கிற திரை மூன்று அங்குலம்தான். கெம்புக்கல் ஒன்று பிடியில் லேசாகச் சாய்ந்திருப்பதும், போல்கி வைரத்தின் ஓரத்தில் விரல் ரேகை படிந்திருப்பதும் அதில் கண்ணுக்குத் தட்டாது. பெரிய திரையில் பளிச்சென்று தெரிந்துவிடும். இன்னொரு காரணம் பெயர். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு டேக் எண் உண்டு. அந்தப் பார்கோடைக் கருவியால் வருடினால் அடுத்து விழுகிற படம் அந்த எண்ணிலேயே சேமிக்கப்பட வேண்டும். ஆரத்தின் படம் அட்டிகையின் எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டால், பிறகு கடையில் அதைப் பிரித்து எடுப்பது பெரும்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் மால், அதாவது நகைச் சரக்கு. கடையில் இருந்து ஓர் ஆள் பெட்டியோடு வருவார். ஒவ்வொன்றும் எடை போட்டுச் சீட்டில் எழுதி உள்ளே வரும், அதேபோல எடை போட்டு வெளியே போகும். கடைப் பெட்டகத்தைப் பூட்டுவதற்கு முன் அத்தனையும் திரும்பியாக வேண்டும். ஸ்டூடியோவில் ராத்தங்கல் கிடையாது. அதனால் கேமராவைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. “தம்பி, ஆறு மணிக்கு மால் கடைக்கு வந்தாகணும். உன் அப்டேட் கதை எல்லாம் அப்புறம் சொல்லு” என்று ஒரு சேட் போனில் சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார். அந்த நிதானம்தான் வயிற்றைக் கலக்கும்.

கேமராவும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள ஒரு பொது விதி இருக்கிறது. பிக்சர் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால், சுருக்கமாகப் பிடிபி. 2000-இல் அமெரிக்கப் புகைப்படத்தொழில் சங்கம் ஒன்று அதைத் தரமாக வெளியிட்டது. பிறகு அது ஐஎஸ்ஓ 15740 என்ற உலகத் தரமாயிற்று. கேமராவில் என்னென்ன படங்கள் இருக்கின்றன, இந்தப் படத்தைக் கொடு, அந்தப் படத்தை அழி, ஒரு படம் எடு என்ற அளவிலான கட்டளைகள் எல்லோருக்கும் ஒன்றே. இதோடு நின்றிருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் அதே தரம், பதினாறடிமான எண்களில் 9000-இல் தொடங்கும் ஒரு பகுதியை நிறுவனங்களின் சொந்தக் கட்டளைகளுக்கென்று ஒதுக்கி வைத்தது. லைவ் வியூ, ஃபோகஸை ஒரு முடி அளவு நகர்த்துவது, படத்தைக் கார்டில் போடாமல் நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என ஸ்டூடியோவுக்கு உண்மையில் தேவையானவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி. சத்தமாகப் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். வியாபாரம் முடிவது துண்டுக்கு அடியில். கேனன் ஒரு விதமாகப் பேசும், நிக்கான் வேறு விதமாகப் பேசும். ஒரே நிறுவனத்தின் புது மாடல் பழைய மாடலைப் போலப் பேசும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

நான் இந்த வேலைக்கு வந்தபோது விண்டோஸ் எக்ஸ்பி காலம். 2004-இல் வந்த நிக்கான் டி70 பல ஸ்டூடியோக்களில் இருந்தது. அதன் மெனுவில் யுஎஸ்பி என்று ஒரு வரி இருக்கும். அதில் இரண்டு தேர்வு: கேமராவை வெறும் பென் டிரைவ் போலக் காட்டுகிற மாஸ் ஸ்டோரேஜ், அல்லது பிடிபி. படத்தை நகலெடுக்க முதலாவதே போதும். டெதரிங் ஓட இரண்டாவதுதான் வேண்டும். யாராவது வீட்டுக்குக் கேமராவை எடுத்துப்போய்ப் படத்தை இறக்கிவிட்டு அந்த வரியை மாற்றி வைத்திருப்பார்கள். மறுநாள் காலையில் எனக்கு போன் வரும். அந்நாட்களில் நான் சம்பாதித்ததில் பாதி அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்துச் சம்பாதித்தது என்றால் மிகையில்லை. இன்றைய சோனி கேமராக்களிலும் அதே கதை வேறு பெயரில் இருக்கிறது. யுஎஸ்பி இணைப்பு பிசி ரிமோட் என்று இருந்தால்தான் கம்ப்யூட்டரில் இருந்து ஷட்டரைத் தட்ட முடியும்.

விண்டோஸைப் பற்றி இன்னொன்று. அதில் ‘என்’ (N) என்ற எழுத்தோடு முடிகிற பதிப்புகள் உண்டு. ஐரோப்பியச் சட்டத் தகராறு ஒன்றின் விளைவாக, மீடியா சம்பந்தப்பட்ட பகுதிகளை உருவிவிட்டு வெளியிட்டவை. அவற்றில் பிடிபி கேமராக்களைக் கண்டுகொள்ளும் பகுதியும் போய்விட்டிருக்கும். ஐரோப்பாவில் இருக்க வேண்டியது யாரோ கொடுத்த பென் டிரைவ் வழியாக இங்கே வந்து ஏறிவிடும். கேபிளை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள், கேமராவைச் சர்வீஸுக்கே அனுப்புவார்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிற மீடியா ஃபீச்சர் பேக்கைப் போட்டால் பிரச்சினை முடிந்தது. எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் பதிப்பின் பெயரைத்தான்.

மேக் கம்ப்யூட்டர்கள் வந்த பிறகு வேறு வகைச் சண்டை. யுஎஸ்பியில் ஒரு சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கையில் வைத்திருக்க முடியும். மேக்கில் கேமராவைச் செருகியதும், யாரும் கேட்காமலே பின்னணியில் ஒரு சின்ன நிரல் விழித்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரர்களுக்கு அது வசதி. படம் தானாக இறங்கத் தயாராக நிற்கும். திறந்த மூலக் கருவிகளை வைத்து டெதரிங் ஓட்டுகிறவனுக்கு அது வழிமறிப்பு. சாதனத்தைக் கைக்கொள்ள முடியவில்லை, பிழை எண் மைனஸ் 53 என்று திரையில் வரும். அந்தப் பின்னணி நிரலின் கழுத்தைப் பிடித்து வெளியேற்ற ஒரு வரிக் கட்டளை உண்டு. பழைய மேக்குகளில் ஒருமுறை வெளியேற்றினால் சமர்த்தாகப் போய்விடும். புதியவற்றில் அடுத்த நிமிடமே திரும்பி வந்து உட்காரும். அதனால் அதை விடாமல் துரத்திக்கொண்டே இருக்கிற ஒரு ஸ்கிரிப்டை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. லினக்ஸிலும் இதே குணமுள்ள ஒரு நிரல் இருக்கிறது, ஆனால் அதை நிரந்தரமாக முடக்கலாம்.

இந்தத் தொழிலில் என்னை அதிகம் வாட்டியது நிரல் இல்லை, நாள்காட்டி. ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் பெரிய மாற்றங்களைச் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில்தான் வெளியிடும். கேட்டலினா 2019 அக்டோபர் 7. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27. பிக் சர் 2020 நவம்பர் 12. இரண்டு நாள் கழித்துத் தீபாவளி. வென்ச்சுரா வெளிவந்தது 2022 அக்டோபர் 24, சரியாகத் தீபாவளி அன்றே. விண்டோஸும் சளைத்ததில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு அப்போது ஒரு மாதம் இருந்தது. கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் இருப்பவர்களுக்கு அது இலையுதிர் காலம். நமக்கு அது தீபாவளி நகைக்கான கேட்டலாக் ஓடுகிற காலம். வருஷத்தில் எந்த வாரங்களில் கம்ப்யூட்டர் அசையவே கூடாதோ, அந்த வாரங்களில்தான் திரையின் மூலையில் அப்டேட் தயார் என்ற அழைப்பு வந்து நிற்கிறது. ஸ்டூடியோவில் வேலை பார்க்கிற சின்னப் பையன் நல்ல எண்ணத்தோடு அதைத் தட்டிவிடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சிவப்புப் புள்ளி கண்ணை உறுத்தினால் தட்டத்தான் தோன்றும்.

கேட்டலினா பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவரை நடந்தவை சில்லறைச் சச்சரவுகள். 32 பிட் நிரல் எதுவும் இனி ஓடாது என்று ஆப்பிள் அந்தப் பதிப்போடு முடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய மொஹாவியே பழையவற்றை எச்சரிக்கையோடு ஓட விட்டுக்கொண்டிருந்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? எழுதிய நிறுவனமே கைவிட்டுவிட்ட டெதரிங் நிரல்கள், எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்ட சிறு நிரல்கள், பார்கோடைப் படப் பெயராக்க யாரோ கட்டிக் கொடுத்த துணுக்கு என்று பலதும் ஒரே இரவில் குறுக்குக் கோடு போட்ட ஐகானாகிவிட்டன. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்ப்யூட்டரும் முன்பைவிட வேகமாக இருக்கிறது. ஆனாலும் ஸ்டூடியோ நின்றுவிட்டது. ஒரு மாடியில், கேமரா நிறுவனம் ஒன்று காசு வாங்கி விற்ற நிரல் அப்படி நின்றது. உதவிக்கு எழுதினால், புது மாடலுக்கு மாறுங்கள் என்று பதில். கேமரா அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலுக்கு ஆபத்து வராமல் போனதற்கு ஒரே காரணம், அதற்கு முன் எடுத்து வைத்திருந்த டிஸ்க் பிரதி. குளோன்ஸில்லா போன்ற இலவச நிரலைக் கொண்டு, வேலை ஒழுங்காக ஓடுகிற ஒரு நாளில் முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுத்து, மேலே தேதியும் கேமரா மாடலும் எழுதி அலமாரியில் வைப்பது என் வழக்கம். வாடிக்கையாளர்கள் என்னை நம்புவது என் அறிவுக்காக இல்லை, அந்த அலமாரிக்காக என்பது எனக்குத் தெரியும்.

வென்ச்சுராவில் வந்த மாற்றம் வேறு ரகம். ஆப்பிள் சிப் உள்ள லேப்டாப்பில் புது யுஎஸ்பி சாதனத்தைச் செருகினால், இதை அனுமதிக்கவா என்று அது கேட்கும். திரை பூட்டியிருக்கும்போது செருகினால் கேள்வி கண்ணில் படாது, அனுமதியும் கிடைக்காது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேப்டாப்பை மூடி வைத்து, தனித் திரையில் வேலை பார்க்கிற ஸ்டூடியோவில் அது புரியாத நோயாக இருந்தது. சார்ஜ் ஏறும், கேமரா தெரியாது. “ணா, கேபிள் போயிடுச்சி போல” என்பார்கள். மூடியைத் திறந்தால் கேள்வி அங்கே பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கும்.

கேபிள் போயிடுச்சி என்பது பாதி நேரம் உண்மையும்கூட. பழைய கேனன், நிக்கான் மாடல்களில் மினி யுஎஸ்பி. 2016-இல் வந்த 5டி மார்க் 4, 2017-இல் வந்த டி850 இரண்டிலும் யுஎஸ்பி 3-இன் அகன்ற மைக்ரோ முனை. ஓர் இழுப்பில் உடைகிற சாமான் அது. உடையும் என்று தயாரித்தவர்களுக்கே தெரிந்துதான் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பிடிப்பையும் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டியோடு அந்தப் பிடிப்பும் பரணுக்குப் போய்விடும். 2018-இல் இஓஎஸ் ஆர், இசட்6 முதலியவை டைப்-சி முனையோடு வந்தன. முனை ஒன்றானதும் குழப்பம் தீர்ந்தது என்று நினைத்தோம், கூடிவிட்டது. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கைக்குக் கிடைக்கிற டைப்-சி கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுவதாக இருக்கலாம். உள்ளே தகவல் போக வேண்டிய கம்பிகளே இருக்காது. சில கேபிள்களில் கம்பி இருக்கும், ஆனால் யுஎஸ்பி 2 வேகத்துக்கு மட்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். விலை கொஞ்சம் வழிகாட்டும், முழுதாக நம்ப முடியாது. கடையிலேயே ஒரு ஹார்டு டிஸ்கைச் சொருகிப் பார்த்து வாங்குவதுதான் வழி. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. யுஎஸ்பி 2 என்றால் ஐந்து மீட்டர். யுஎஸ்பி 3-ஐ மூன்று மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால் நடுவில் சிக்னலைத் தூக்கி விடுகிற ஆக்டிவ் கேபிள் வேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் எர்த் வேறு ஒழுங்காக இருப்பதில்லை. உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும். ஏசியின் கம்ப்ரசர் உதறிக்கொண்டு கிளம்பும் அதே கணத்தில் கேமரா இணைப்பு அறுந்துபோகும். நிரலைக் குற்றம் சொல்லி மூன்று பேர் மூன்று விதமாக மாற்றிப் பார்த்த பிறகு, எலக்ட்ரீஷியன் வந்து எர்த் கம்பியைச் சரிசெய்ததும் ஒரே நாளில் சரியாகிவிட்ட இடங்கள் உண்டு. இதெல்லாம் எந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலும் இருக்காது.

சரி, கேமரா தெரிந்துவிட்டது, படமும் இறங்குகிறது. பிரச்சினை அத்தோடு தீராது. இறங்கியது ராஃபைல், அதாவது கேமரா பதப்படுத்தாமல் தருகிற மூலக் கோப்பு. அதைத் திறக்க ஒரு நிரல் வேண்டும். 2015-இல் அடோபி வெளியிட்ட லைட்ரூம் 6-தான் ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசி லைட்ரூம். மாதச் சந்தா என்றாலே பிடிக்காத நம் ஊர்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், நியாயமும்கூட. 2017 டிசம்பரில் வந்த 6.14 அதன் கடைசி அப்டேட். அதற்குப் பிறகு வெளிவந்த எந்தக் கேமராவின் ராஃபைலும் அதற்குப் புரியாது. அடோபி இலவசமாகத் தருகிற டிஎன்ஜி கன்வர்ட்டரில் மாற்றிக்கொண்டால் திறக்கும். ஆனால் டெதரிங்கில் ஒவ்வொரு படமும் வந்து விழுந்த கணமே தெரிய வேண்டும், நடுவே மாற்றிக்கொண்டிருக்க நேரம் ஏது? சோனிக்காரர்களின் பாடு வேறு. லைட்ரூமில் கேனனுக்கும் நிக்கானுக்கும் டெதரிங் வந்த பிறகும் பல ஆண்டுகள் சோனிக்கு அந்த வசதி நேரடியாக இல்லை.

சோனிக்காக நாங்கள் கண்டுபிடித்த மாற்று வழிதான் கடைசியில் எல்லாக் கேமராக்களுக்கும் என் வழியாகிவிட்டது. கேமராவோடு பேசுகிற நிரல் ஒன்று. அதற்கு ஒரே வேலை: படத்தை வாங்கிச் சரியான பெயரில் ஒரு ஃபோல்டரில் போடுவது. படம் காட்டித் திருத்துகிற நிரல் வேறொன்று. அது அந்த ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்று விழுந்தால் தானாக எடுத்துக்கொள்ளும். லைட்ரூமில் இதற்கு ஆட்டோ இம்போர்ட் என்று பெயர். இந்த இரண்டு நிரலுக்கும் ஒன்றை ஒன்று தெரியவே தெரியாது. நடுவில் இருப்பது ஃபோல்டர் மட்டும். கேமரா மாறினால் முதலாவதை மட்டும் மாற்றுவேன். லைட்ரூம் வேண்டாம், கேப்சர் ஒன் போதும், டார்க்டேபிள் போதும் என்று ஒருவர் முடிவு செய்தால் இரண்டாவதை மட்டும் மாற்றுவேன். பார்கோடு வேலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும், அதை யாரும் தொட வேண்டியதில்லை. எல்லாம் ஒரே நிரலில் ஒரே பொத்தானில் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு கால் தடுக்கினால் முழுதும் விழும். நுணுக்கமாகப் பார்த்தால் இந்த முறையில் ஒரு விநாடியோ இரண்டோ தாமதம் உண்டு. சேட்டுகள் யாரும் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று ஒன்று வந்தபோதும் இந்தப் பிரிவினைதான் காப்பாற்றியது. ஜிமிக்கியின் முன் கல்லில் இருந்து பின் கொக்கி வரை அத்தனையும் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரே படத்தில் முடியாது. ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்க வேண்டும். ஹெலிகான் ரிமோட் போன்ற நிரல் கேமராவை ஓட்டும், ஒன்றாக்குவது இன்னொன்று. பகலில் லாரிகள் குறைவு. இரவானால் வால்டாக்ஸ் ரோட்டு பார்சல் ஆபீஸ்களுக்கு வண்டிகள் வரத் தொடங்கும், மாடி லேசாக அதிரும், நடுவில் ஒரு படம் கலங்கிப்போகும். அதனால் ஸ்டாக்கிங் வேலையை மதியத்துக்கே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேமராவோடு பேசுகிற அந்த முதல் நிரலுக்கு எதை நம்புவது? நிறுவனங்களே இலவசமாகத் தருபவை உண்டு. கேனனுக்கு இஓஎஸ் யுடிலிட்டி, சோனிக்கு இமேஜிங் எட்ஜ், நிக்கானுக்கு இப்போது என்எக்ஸ் டெதர். முன்பு நிக்கான் கேமரா கன்ட்ரோல் புரோவைக் காசுக்கு விற்றது. இவை புது மாடல்களுக்கு நன்றாக ஓடும். பழைய மாடல்களைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டால் கேட்க ஆளில்லை. இஓஎஸ் யுடிலிட்டியிலேயே பழைய கேமராக்களுக்கு 2, புதியவற்றுக்கு 3 என்று இரண்டு குடும்பம். தனியாக நிரல் எழுதுகிறவர்களுக்குக் கேனனும் நிக்கானும் தங்கள் எஸ்டிகேயை, அதாவது நிரல் எழுதும் கருவித் தொகுப்பை, பதிவு செய்தால் கொடுப்பார்கள். சோனியும் 2020 முதல் கொடுக்கிறது. நிக்கானுடையதில் ஒவ்வொரு மாடலுக்கும் தனித் தொகுதி. இங்கே ஒரு மாடியில் மூன்று தலைமுறைக் கேமரா இருந்தால் மூன்று தொகுதியையும் சுமக்க வேண்டும்.

நான் சாய்ந்துகொள்வது லிப்ஜிபோட்டோ2 மேல். 2000-ஐ ஒட்டிப் பிறந்த திறந்த மூல நூலகம். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. துண்டுக்கு அடியில் நடக்கிற விரல் பேச்சைக் கம்பியில் காது வைத்துக் கேட்டு, பொறுமையாகப் பிரித்து எழுதியவர்கள் தன்னார்வலர்கள். இன்று 2500-க்கும் மேற்பட்ட கேமராக்களை அது அறியும். டார்க்டேபிள், டிஜிகாம், என்டாங்கிள் எல்லாம் கேமராவோடு பேசுவது அதன் வழியாகத்தான். அதன் உள்ளே பிடிபிக்கான மூலக் கோப்பில் ஒரு நீளமான அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கேமராவின் பெயர், நிறுவனத்தின் எண், மாடலின் எண், அதன் தனிக் குணங்கள். நிக்கான் என்றால் 04பி0, சோனி என்றால் 054சி. பல சமயம் ஒரு புது மாடலுக்கு இடம் கொடுப்பதென்றால் அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது, அவ்வளவுதான். எப்போதும் அத்தனை எளிதாக முடியாது. ஃபோகஸ் நகர்த்தும் கட்டளை மாறியிருந்தால் மறுபடி கம்பியில் காது வைக்க வேண்டும்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய அலுவலகத்தில் கணக்கு லெட்ஜர்களைப் படமாக்கும் வேலை ஒன்று வந்தபோது இந்த நூலகத்தின் அருமை தெரிந்தது. இடப் பக்கத்துக்கு ஒரு கேமரா, வலப் பக்கத்துக்கு ஒரு கேமரா. இரண்டும் ஒரே மாடல். லிப்ஜிபோட்டோ2 யுஎஸ்பி போர்ட் எண்ணை வைத்துக் கேமராவை அடையாளம் காட்டும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் எண் மாறிவிடும். இடது வலதாகிவிடும், லெட்ஜரின் பக்கங்கள் தலைமாறிப் போகும். போர்ட் எண்ணை விட்டுவிட்டுக் கேமராவின் சீரியல் எண்ணைக் கேட்டு அடையாளம் வைத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதைத் தீர்த்தது. மூடிய நிரலாக இருந்திருந்தால் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்திருப்போம். அந்த அறையில் வெற்றிலைக் கறை படிந்த பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர், “இந்தக் கணக்கு எழுதினவனுக்கு இவ்ளோ மரியாதையா?” என்று சிரித்தார்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நான் பார்க்கிற மாடிகளில் பல கம்ப்யூட்டர்கள் 11-க்கு ஏறத் தகுதி இல்லாதவை. அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சிப்போ, புதிய தலைமுறை பிராசஸரோ அவற்றில் இல்லை. எல்லோரும் கேட்கிறார்கள், தூக்கிப் போட வேண்டுமா என்று. வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கேமரா கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இருந்து கழற்றிவிட வேண்டும். அதில் மெயிலும் கூடாது, வாட்ஸ்அப் வெப்பும் கூடாது. அது கேமராவுக்கு மட்டும். படங்கள் உள் நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகட்டும். இன்டர்நெட் அந்த இரண்டாவதில் இருக்கட்டும். இதுவும் அதே பிரிவினைதான், இந்த முறை ஃபோல்டருக்குப் பதில் கம்பி. மெயில் பார்க்காமல் எப்படி என்று முதலில் முனகுவார்கள். மாதம் ஒன்று போனதும் அதைப் பற்றிப் பேச்சே எழாது. சிலர் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸே போட்டுக்கொண்டார்கள். நானும் அதையே விரும்புகிறேன், வற்புறுத்துவதில்லை.

நகை, புடவை, பழைய ஏடு என்று எதைப் படமாக்குகிற தொழிலில் நீங்கள் இருந்தாலும் சரி, புதுக் கேமரா வாங்கும் முன் கடையில் மெகாபிக்சலை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். உங்களிடம் இருக்கிற கம்ப்யூட்டரில், இருக்கிற நிரலில் அது ஓடுகிறதா என்று லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கேபிளைச் செருகிப் பாருங்கள். தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் முந்தைய இரண்டு மாதம் அப்டேட்டைத் தொடாதீர்கள். ஓடுகிற நாளில் டிஸ்க்கைப் பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் கேமரா லிப்ஜிபோட்டோ2-வின் பட்டியலில் இல்லையென்றால், அதைச் செருகி, அந்த நூலகத்தின் கட்டளை தருகிற விவரத்தை அப்படியே அதன் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்து நிமிடம் போதும். அடுத்த பதிப்பில் அந்த வரி சேர வாய்ப்பு உண்டு.